கட்டி கரைந்த வைகாசி

அடைக்கலமேரியின் கீழ்த்தாடையில் கட்டி ஒன்று கிளம்பியதும், அதற்குக் காரணம் சொல்லாத வாயே அந்தக் காம்பவுண்டில் இல்லை. ராயபுரத்தில் ரயில் லைனுக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காம்பவுண்டு அது. வரிசையாக வீடுகள், அத்தனைக்கும் சேர்த்து ஒரே குழாய். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சொத்தைப் பல்லில் பூச்சி என்றாள் ஒருத்தி. நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு எறா உரித்தால் குளிர்ச்சி தாடையில் இறங்காதா என்றாள் இன்னொருத்தி. கண்ணேறு என்று சீனியம்மாள் அடித்துச் சொன்னாள். கேட்பானேன், அவளுக்கு மழை பெய்தாலும் கண்ணேறுதான்.

இடது பக்கம் கோரைப் பல்லுக்குப் பின்னால் ஈறில் மிளகு மாதிரி தொடங்கியது. பிறகு கோலிக்குண்டு ஆயிற்று. பங்குனி பிறந்தபோது கொட்டைப்பாக்கை அடக்கிக்கொண்டவள் போலக் கன்னம் வெளியே தெரிந்தது. பல் இரண்டு நகர்ந்து கொடுத்துவிட்டன. விரல் பட்டால் ரத்தம், சோறு பட்டால் ரத்தம். காலையில் வாய் கொப்பளித்தால் சாக்கடையில் சிவப்பாக ஓடும். ஆனால் அந்தச் சாக்கடை எப்போதும் சிவப்புதான். அவள் புருஷன் ஜேக்கப்புக்கு ஹார்பரில் கப்பலுக்கு இரும்புத் தாது ஏற்றும் கேங்கில் வேலை. செம்மண் பொம்மையாக வருவான். அவன் குளித்த தண்ணீரோடு இவள் ரத்தமும் கலந்து போனதால் கொஞ்ச நாள் அவனுக்குத் தெரியாமலே இருந்தது.

தெரிந்த அன்றைக்கு அவன் துண்டை இடுப்பில் கட்டக்கூட மறந்து நின்றான்.

"இன்னா மேரி அது ரத்தம்?"

"பல்லு வெளக்குனேன்யா. ஈறு கீறிட்ச்சி."

"சொம்மா டபாய்க்காத. வாயத் தொற."

"அய்ய, இன்னாய்யா நீ? காலங்காத்தால வாயத் தொறன்னுகினு."

"எங்கம்மாவும் இப்டித்தான் சொல்லிச்சி. ஈறு கீறிட்ச்சின்னுதான் சொல்லிச்சி." 

ஜேக்கப்பின் அம்மா வாயில் புற்று வந்து செத்தவள். கன்னத்தில் ஓட்டை விழுந்து, ஊற்றிய கஞ்சி அந்த வழியாக வெளியே வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் அவன். கப்பல் கயிறு அறுந்து பக்கத்தில் விழுந்தாலும் சிரித்துக்கொண்டு நகர்ந்து நிற்கிற ஆள், பெண்டாட்டியின் கன்னத்தைப் பார்த்ததும் குழந்தை மாதிரி நடுங்கினான். மேரிக்கு அவனைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

அவளுக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். அதுதான் விஷயமே. கல்யாணமான வருஷம் ஒன்று தங்கி, நாலாம் மாதம் கலைந்து போனது. அப்புறம் ஏழு வருஷம் ஒன்றுமில்லை. அவள் இறால் உரிக்கப் போகும் எறா ஷெட்டில் அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்த பெண்களெல்லாம் பிள்ளை பெற்று, அதுகளை மூலையில் சாக்கு விரித்துப் போட்டுவிட்டு எறா உரித்தார்கள். அவள் தலையைக் கிள்ளுவாள், ஓட்டை உரிப்பாள், முதுகு நரம்பை இழுப்பாள், மூலையைப் பார்க்க மாட்டாள். ஏழு வருஷம் அப்படிப் போனபின் வந்த பிள்ளை இது. கட்டி என்ன, தலையில் கொம்பே முளைத்தாலும் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

ஆனால் அவள் நாத்தனார் சிலுவையம்மாள் விடுவாளா? திருவொற்றியூரிலிருந்து சேதி கேட்டு ஓடிவந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"இத்த பாரு தம்பி. வெட்டி எடுக்கணும்னா மொதல்ல வயித்துல கீறத காலி பண்ணுன்னுதான் டாக்டருங்க சொல்வாங்க. பொண்டாட்டி இருந்தா இன்னொண்ணு பெத்துக்கலாம். அம்மாவ பாத்தல்ல? நான்தான அப்ப கிட்ட இருந்து பாத்தேன்?"

"அக்கா, வாய மூடு," என்றான் ஜேக்கப். ஆனால் மூடச் சொன்ன குரலில் கோபம் இல்லை. மேரி அதைக் கவனித்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஹார்பரில் தாது ஏற்றக் கப்பல் வந்து நின்றது, ஜேக்கப்பால் வர முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாதான் கூடப் போனாள். பச்சையம்மாவும் எறா ஷெட்டில்தான் வேலை. பெரிய சரீரம், அதைவிடப் பெரிய தொண்டை. அவள் வந்தால் எந்த வரிசையும் தானாக நகரும். பல் பிரிவில் இருந்த டாக்டரம்மா சின்னப் பெண். முதல் தடவை கட்டியிலிருந்து துளி சதை எடுத்து, ரத்தம் நிற்கும்வரை பஞ்சை வைத்துத் தானே அழுத்திக்கொண்டு நின்றாள். படம் எடுத்தாள். மறு தடவை போனபோது உட்காரச் சொன்னாள்.

"இது புத்துநோய் இல்லம்மா."

பச்சையம்மா கையைத் தட்டிக் கும்பிட்டாள். "அப்டி சொல்லும்மா! அந்த சிலுவ கீறாளே, அவ நாக்குல சூடு போட."

"இரும்மா, சொல்லி முடிக்கிறேன். வயித்துல குழந்தை தங்கினதும் ஒடம்புல சில சுரப்பு அதிகமாகும். ஹார்மோன்னு பேரு. குழந்தைக்காக ஒடம்பு சுரக்கிறது அது. ரத்தத்தோட எல்லா எடத்துக்கும் போகும். சில பேருக்கு அது ஈறையும் தாடையையும் கிளப்பிவிட்டு இப்படிச் சதை வளத்துடுதுன்னு நெனைக்கிறோம்." பேனாவை மூடித் திறந்தாள். "நெனைக்கிறோம், அவ்வளவுதான். எல்லாரும் ஒத்துக்கல. உனக்கு முன்னாடி எப்பவாவது இந்த மாதிரி வந்திருக்கா?"

மேரி யோசித்தாள். வந்திருக்கிறது. முதல் பிள்ளை தங்கியபோது இதே இடத்தில் கடுகளவு தடித்திருந்தது.

"அது எப்ப போச்சு?"

"உப்புத் தண்ணி கொப்பளிச்சேன், பூட்ச்சிம்மா."

"எப்போ? குழந்தை கலையறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

கேட்ட பிறகுதான் மேரிக்கு அது மண்டையில் ஏறியது. "அப்புறம்," என்றாள் மெதுவாக.

டாக்டரம்மா தலையாட்டினாள். "பயப்படாதே. இப்ப கத்தி வச்சா ரத்தம் நிக்காது, வேண்டாம். குழந்தை பொறந்தா அனேகமா தானே வத்திடும். வத்தலேன்னா அப்ப எடுத்துடலாம். வாயைச் சுத்தமா வச்சுக்கோ, மெதுவான சாப்பாடா சாப்பிடு."

வெளியே வந்ததும் பச்சையம்மா, "இன்னாமே சொல்லிச்சி அது? பாதி புரியல," என்றாள்.

"கட்டியும் புள்ளயும் ஒரே தட்டுல துன்னுதுங்களாம்க்கா. புள்ள கீற வரைக்கும் அதுவும் இர்க்குமாம்."

"அப்ப சக்களத்தி மாதிரின்னு சொல்லு."

"அய்ய, கூடப் பொறந்ததுன்னு சொல்லுக்கா," என்று மேரி சிரித்தாள். சிரித்ததில் ரத்தம் கசிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

அதற்கப்புறம் சித்திரை முழுக்க மேரி சந்தோஷமாகத்தான் இருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு பெரிய கட்டியை வாயில் வைத்துக்கொண்டு அத்தனை சந்தோஷமாக யாரும் இருந்திருக்க முடியாது. காலையில் எழுந்ததும் கதவுப் பக்கம் மாட்டியிருந்த உடைந்த கண்ணாடியில் உதட்டை இழுத்துப் பார்ப்பாள். கட்டி நாவல்பழ நிறத்தில் பளபளவென்று இருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மெல்ல முடியாது. கேழ்வரகுக் கூழும், முள் எடுத்து மசித்த சங்கரா மீனும்தான் சாப்பாடு. முறுக்கு என்றால் அவளுக்கு உயிர். ஷெட்டுக்கு எதிரே எண்ணெய்ச் சட்டியில் முறுக்கு வேகும் வாசனை வந்தால், "இரு, நீ பொற, அப்பால ரெண்டு பேரும் துன்னலாம்," என்று வயிற்றைத் தடவிக்கொள்வாள். வயிற்றில் மீன் குஞ்சு திரும்பினாற்போல ஏதோ லேசாகத் திரும்பும். பிள்ளையா வாயுவா என்று அவளுக்கு நிச்சயமில்லை. பச்சையம்மா, "அது புள்ளதான்டி, கூமுட்ட," என்பாள்.

ஜேக்கப்புக்கு மட்டும் தூக்கமில்லை. டாக்டரம்மா சொன்னதை அவள் திரும்பத் திரும்பச் சொல்லியும் அவன் காதில் ஏறவில்லை.

"வவுத்துல புள்ள கீறதுக்கு வாயில கட்டி வரும்னு எவனாவது கேட்டுக்கினு கீறானா? அம்மாக்கும் மொதல்ல ஒன்னியும் இல்லன்னுதான் சொன்னாங்க."

செவ்வாய்க்கிழமை தோறும் வேலை விட்டு நேரே, குகை மாதிரி கட்டிய அந்தோணியார் கெபிக்குப் போய் அந்தச் செம்புழுதியோடு முட்டி போட்டான். கட்டி போனால் வெள்ளியில் தாடை செய்து மாட்டுவதாகவும், திருநாளுக்கு ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பதாகவும் நேர்ந்துகொண்டான். அந்தப் பக்கத்தில் இது வழக்கம்தான். கெபிச் சுவர் முழுக்க வெள்ளிக் கண், வெள்ளிக் கால், வெள்ளிக் கை தொங்கும். அவனுடைய தாடையும் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டியதுதான் பாக்கி.

வைகாசி வெயில் அந்த வருஷம் ஈவு இரக்கமில்லாமல் அடித்தது. குழாயில் காற்று மட்டும் வந்தது. எண்ணூர் மின்நிலையப் பக்கத்திலிருந்து சாம்பல் பறந்து வந்து காயப்போட்ட துணியில் உட்கார்ந்தது. கடல் காற்று சாயங்காலம் வரைக்கும் எட்டிப் பார்க்கவில்லை. அப்படி ஒரு காலையில் மேரி கண்ணாடியில் உதட்டை இழுத்துப் பார்த்தாள். பளபளப்பு இல்லை. கட்டி வெளிறிப் போய், மேல் தோல் சுருங்கியிருந்தது. வெயில்தான் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் இன்னும் வெளிறியது. விரலால் தொட்டுப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள். ரத்தம் வரவில்லை.

 அப்படியே தரையில் குந்தி வயிற்றில் கையை வைத்தாள். உள்ளே ஒன்றும் திரும்பவில்லை. திரும்பாமல் எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள். வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லையே! ஐயோ, கவனிக்காமல் விட்டுவிட்டோமே!

அன்றைக்குப் பார்த்து, வேலை விட்டு வந்த ஜேக்கப் கவனித்துவிட்டான்.

"மேரி, இப்டி திரும்பு. வெளிச்சத்துல வா." அவள் முகவாயைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். "ஏய், கன்னம் எறங்கிகீதுமே! வாயத் தொற. அய்யோ, பாதியா பூட்ச்சே!" காம்பவுண்டே கேட்கும்படி கத்தினான். "பச்சியக்கா! ஓடியா, ஓடியா! அந்தோணியாரு கைய வச்சிட்டாரு!"

"யோவ், இருய்யா," என்றாள் மேரி. "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க? புள்ள பொறந்தாதான் வத்தும்னு சொன்னாங்க."

"அதான்டி நானும் சொல்றேன்! பொறந்தாதான் வத்தும்னாங்க. அவரு அதுக்கு முன்னாடியே வத்த வச்சிட்டாரு பாத்தியா? இதுக்குப் பேரு புதும இல்லாம வேற இன்னா?"

அவன் அழுதான். அம்மா செத்த பிறகு அவன் அழுது யாரும் பார்த்ததில்லையாம். செம்புழுதி படிந்த முகத்தில் கண்ணீர் கோடு போட்டு இறங்கியது. அவளைக் கட்டிக்கொண்டான். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். டாக்டரம்மாவே நினைக்கிறோம் என்றுதானே சொன்னாள், நிச்சயம் என்று சொல்லவில்லையே. அவன் சொல்கிற அற்புதமாகவே, புதுமையாகவே இருக்கட்டும். இருந்துவிட்டுப் போகட்டும், அந்தோணியாரே!

சேதி திருவொற்றியூருக்குப் போய்ச் சேர்ந்து, சிலுவையம்மாள் ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தாள். வந்தவர்களெல்லாம் மேரியை வாய் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தியும் வயிற்றைப் பார்க்கவில்லை. ஷெட்டில் மட்டும் பச்சையம்மா எறா உரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"இன்னாமே, எல்லாரும் ஷோக்கா சிரிச்சிகினு கீறாங்க, நீ மட்டும் எழவு வூட்டுல குந்துனாப்புல கீற?"

"அக்கா, ஒரே தட்டுன்னு சொன்னேன்ல?"

பச்சையம்மாவின் கை ஐஸ் தண்ணீரில் அப்படியே நின்றது. "வாயக் கழுவு. புள்ள அசையுதா?"

"தெர்லக்கா."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"திருநா முடியட்டும்க்கா. அவரு ஆசையா கீறாரு." அதைச் சொன்னபோது அவளுக்கே தெரிந்தது, அவன் ஆசைக்காக இல்லை. போனால் சொல்லிவிடுவார்கள். போகாதவரைக்கும் பிள்ளை இருக்கிறது.

திருநாளன்று கெபி வாசலில் நிற்க இடமில்லை. ஜேக்கப் வெள்ளை வேட்டி கட்டி, கூடை நிறைய ரொட்டியோடு நின்றான். பிச்சைக்காரர்களுக்கும், கப்பல் இல்லாத கூலிகளுக்கும், குழந்தைகளுக்கும் அவன் கையாலேயே கொடுத்தான். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது மட்டும் கன்னத்தைக் கிள்ளி, "எங்க வூட்லயும் ஒண்ணு வரப்போவுது," என்றான். வெள்ளித் தாடை கட்டைவிரல் அளவு இருந்தது. அதில் குட்டிக் குட்டிப் பல்கூட இருந்தது. கோயில் உபதேசியார் ஏணி போட்டு அதை ஆணியில் மாட்டினார். சிலுவையம்மாள் மாலைப் பாட்டை எடுத்தாள், தொண்டை கட்டியும் விடவில்லை.

மேரி சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தோணியார் கையில் குழந்தை சேசு உட்கார்ந்திருந்தார். கட்டிய திருப்பிக் குடு சாமி, என்று வேண்டினாள். முன்னவிட பெர்சா குடு. கன்னம் கிழியட்டும், நான் ஒன்னியும் கேக்க மாட்டேன். திருப்பிக் குடு. பக்கத்தில் அவள் புருஷன் நன்றி நன்றி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் அவன் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். முறுக்கு.

"எத்தினி மாசமாச்சி நீ துன்னு? ஷெட்டு வாசல்ல வாங்கினேன், சூடா கீது. அந்தப் பக்கத்துலயே கடி. பயப்படாம கடி."

அவள் இடது பக்கமே வைத்துக் கடித்தாள். முறுக்கு நொறுங்கியது. அதன் முனை கட்டி இருந்த இடத்தில் குத்தியது. அவள் காத்திருந்தாள். உப்பாக, வெதுவெதுப்பாக அந்த ருசி வரும் என்று நாக்கை அங்கேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எள்ளும் ஓமமும்தான் ருசித்தது. முறுக்கைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது.

"ரத்தம் வர்லய்யா," என்றாள். பிறகு அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். "ரத்தம் வர்லய்யா! எம்புள்ள பூட்ச்சிய்யா!"

பிரசவ வார்டில் ஒரு நர்ஸம்மா குழலை வயிற்றில் வைத்துக் கேட்டாள். இடம் மாற்றி மாற்றி வைத்தாள். இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதிலேயே தீர்ந்துபோயிற்று. பல் பிரிவு டாக்டரம்மாவும் சேதி கேட்டு வந்தாள். மேரியின் உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "நாங்க சந்தேகப்பட்டது சரிதான் போல..." என்று ஆரம்பித்தவள், மேரியின் கண்ணைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முன்னாடி வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா," என்றாள். நிஜமாகச் சொன்னாளோ, மனசுக்காகச் சொன்னாளோ, யாருக்குத் தெரியும்.

ஊசி போட்டு, வலி வரவழைத்து, பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. நகம்கூட முளைத்திருந்தது.

வராந்தாவில் ஜேக்கப் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உள்ளே கூப்பிட்டதும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினான்.

"இன்னா வேண்டிகின நீ?" என்று மேரி கேட்டாள். குரலில் ஒன்றுமே இல்லை.

"கட்டி போவணும்னு."

"அவ்ளோதானா?"

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்த வேணா எடுத்துக்கோ, அந்தக் கட்டிய மட்டும் எடுத்துடுன்னு... அம்மா மாதிரி ஆயிடுவியோன்னு..." நெற்றியைக் கட்டில் இரும்பில் முட்டினான். "புள்ளய நெனச்சி சொல்லலடி. சத்தியமா புள்ளய நெனச்சி சொல்லல. என்னிய எடுத்துக்கட்டும்னுதான்டி..."

மேரி அவன் தலைமயிரில் இருந்த செம்புழுதியைப் பார்த்தாள். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அது வேரில் நிற்கும்.

"அவரும் கையில புள்ளய வச்சிகினுதான நிக்கறாரு," என்றாள். "கேக்கறவன் பயத்துல ஒளறுவான். குடுக்கறவருக்குத் தெரிய வாணாமா?"

ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம், சிலுவை நடாத மூலையில் குழி தோண்டினார்கள். ஜேக்கப் தன் துண்டில் சுற்றி எடுத்துப் போனான். சிலுவையம்மாள் அன்றைக்கு ஒரு பாட்டும் பாடவில்லை.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் மேரிக்கு மார் கட்டிக்கொண்டது. கல்லாகக் கனத்து, ரவிக்கை நனைந்து, நெஞ்சு முழுக்க நெருப்பாய்க் காய்ந்தது. பச்சையம்மா தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"பாலு எறங்கிட்ச்சி. ஜேக்கப்பு, மல்லிப்பூ வாங்கியா. நெறைய வாங்கியா. வச்சிக் கட்டுனாதான் வத்தும்."

மல்லிகைக் காலம் அது. அவன் வாழை இலையில் பந்தாகச் சுற்றி வாங்கி வந்தான். கொடுக்காமல் வாசற்படியிலேயே நின்றான்.

"இன்னாய்யா?" என்றாள் மேரி.

"பூக்காரம்மாக்கு ஒன்னியும் தெரியாது போல. நானும் சொல்லல. ஒன் வூட்டுக்காரிக்கு கட்டி கரைஞ்சிட்ச்சாமே, மூஞ்சி பழையபடி ஆயிட்ச்சாமே, தல நெறைய வச்சிக்க சொல்லுன்னுட்டு..." அவன் இலைமேல் சுற்றியிருந்த நாரைத் திருகினான். "ரெண்டு மொழம் சொம்மா குட்த்துட்ச்சி."

மேரி இலையைப் பிரித்தாள். அந்த இரண்டு முழத்தைத் தனியாக எடுத்து அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"செவுத்தோரம் வச்சிட்டு வா."

அவன் போனதும் பச்சையம்மா கதவைச் சாத்தினாள். பழைய புடவையைக் கிழித்து, பூவை மாரில் வைத்துச் சுற்றிக் கட்டினாள். மேரியின் நாக்கு தானாகத் தாடைப் பக்கம் போயிற்று. அங்கே ஈறு வழுவழுவென்று சமமாக இருந்தது. பூவைத் தாண்டிப் பால் கசிந்து துணி நனைந்தது.

"கட்டிக்குத் தெரிஞ்சிட்ச்சிக்கா," என்றாள் மேரி. "மொதல்ல அதுக்குத்தான் தெரிஞ்சிச்சி. இதுக்கு யாரு போயி சொல்றது?"

பச்சையம்மா முடிச்சை அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள்.